பெரிய கோயிலுக்கு நிழல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றி வந்த கட்டுரையையும், அதை மறுத்துப் பிறகு வெளியான கடிதத்தையும் படித்தேன். கருவறைக்கு மேல் எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கட்டுரை எழுதியவர் வியந்திருந்தார். மறுப்பு எழுதிய ஓய்வுபெற்ற பொறியாளர் அது பொய் என்று சொன்னதோடு நிற்கவில்லை. இடைச்சிக் கிழவி கதை உட்பட இந்தக் கோயிலைச் சுற்றிச் சொல்லப்படும் எல்லாக் கதைகளும் பிள்ளைகள் காதில் விழாமல் தடுக்கப்பட வேண்டும், கல்வெட்டும் கணக்கும் மட்டும் போதும் என்று முடித்திருந்தார். இருவரோடும் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. கடிதம் நீளும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் வெட்டாமல் கடைசியில் வெட்டுங்கள்.

நான் கீழவாசல் பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். இப்போது கடையை மகன் பார்க்கிறான். அங்கே எனக்கு ஒரு நாற்காலி உண்டு, அவ்வளவுதான். ஆனால் ஃபிலிம் காலத்தில் பெரிய கோயிலை எந்த மாதம் எத்தனை மணிக்கு எங்கே நின்று எடுக்கலாம் என்பது எனக்குச் சோறு போட்ட விஷயம். காலண்டர்காரர்கள் வருவார்கள், வாழ்த்து அட்டைக்காரர்கள் வருவார்கள், "கோபுரம் முழுசா வரணும், வெளிச்சம் கோபுரத்து மேல இருக்கணும்" என்பார்கள். கோயிலுக்கு முகம் கிழக்கு. அதனால் முன்பக்கத்தைக் காலை வெயிலில் எடுக்க வேண்டும். அப்போது நிழல் பின்னால், மேற்கே, கருவூர்த் தேவர் சன்னதி இருக்கும் பக்கமாகக் கிடக்கும். பிற்பகல் நாலு மணிக்கு மேல் போனால் விமானத்தின் முகம் கறுத்துவிடும், நிழல் கிழக்கே நந்தியை நோக்கி நீண்டுவிடும். பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பெரிய கோயில் நந்தவனத்துப் புல்லில் மாலையில் போய் உட்காருகிற தஞ்சாவூர்க்காரர்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் உட்காருகிறார்கள். உட்கார்ந்துகொண்டே வெளியூர்ச் சொந்தக்காரரிடம் "இதுக்கு நிழலே விழாது தெரியுமா" என்று சொல்லவும் செய்கிறார்கள்.

சரி, இந்தப் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் அதற்கும் ஒரு வழி தெரிகிறது. விமானம் சுமார் 200 அடி உயரம். அடித்தளம் சுமார் 100 அடிச் சதுரம். மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் கட்டடம். சூரியன் உச்சியில் இருக்கும்போது சிகரத்தின் நிழல் அடித்தளத்தைத் தாண்டி வெளியே வர வேண்டுமானால் நடுவிலிருந்து 50 அடி நகர வேண்டும். தஞ்சாவூரில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருவது வருஷத்தில் இரண்டு முறை, சித்திரையில் ஒன்று, ஆவணியில் ஒன்று. அந்த இரண்டுக்கும் முன்னும் பின்னுமாக, ஏறக்குறையப் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை, உச்சி வேளை நிழல் விமானத்தின் மேலேயே படிந்துவிடும், தரைக்கு வராது. மார்கழியில் அதே உச்சி வேளைக்கு வந்து பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே சண்டிகேசுவரர் சன்னதிப் பக்கம் தெளிவாக வெளியே விழும். ஆனால் வெளியூர்க் கூட்டம் வருவது கோடை விடுமுறையில். பஸ்ஸை விட்டு இறங்கிக் கல்லில் கால் சுடத் துள்ளிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளிடம் உச்சி வெயிலில் "நிழலைக் காட்டுங்க பார்ப்போம்" என்றால் அவர்களால் காட்ட முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு அது சரி. அதை எல்லா நேரத்துக்கும் என்று நீட்டியதில்தான் கோளாறு. இப்போது வாட்ஸ்அப்பில் வரும்போது நாசாவும் வியந்தது என்று ஒரு வால் வேறு ஒட்டிக்கொண்டு வருகிறது.

80 டன் எடையில் ஒரே கல்லை உச்சியில் ஏற்றினார்கள் என்பதும் இந்த வகைதான். அந்தச் சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது. நந்தி வளர்ந்துகொண்டே போனதாம், முதுகில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம். இந்த நந்தி நாயக்கர் காலத்தது என்பார்கள் வரலாறு படித்தவர்கள். இதுவரை பொறியாளர் ஐயாவும் நானும் ஒரே கட்சி.

அவர் இடைச்சிக் கிழவியையும் சேர்த்து வெளியே தள்ளும்போது எனக்கு உடன்பாடில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், என் அம்மா சொன்ன விதத்தில். கோயில் வேலை நடக்கிறது. கல் தச்சர்களுக்கு அழகி என்று ஓர் இடைச்சிக் கிழவி தினமும் மோர் கொண்டுவந்து ஊற்றுகிறாள். காசு வாங்குவதில்லை. ராஜா இவ்வளவு பெரிய வேலை செய்கிறாரே, நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று அவளுக்கு ஓர் ஆசை. உச்சிக்கு ஏற்றக் கல் தேடும்போது, என் வீட்டு வாசலில் ஒரு கல் கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். தச்சர்களும் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். ராஜாவுக்குத் தெரியாது. குடமுழுக்குக்கு முந்தின ராத்திரி சாமி ராஜா கனவில் வந்து, "இடைச்சி கொடுத்த நிழலில் சுகமாக இருக்கிறேன்" என்கிறார். ராஜா பதறி எழுந்து விசாரிக்கிறார். கிழவியை அழைத்துவந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஊருக்கு ஒரு குளம் வேண்டும் என்கிறாள். தஞ்சாவூரில் இன்றைக்கும் அழகிகுளம் இருக்கிறது. என் அம்மா இந்த இடத்தில் "பாத்தியா, தனக்குன்னு ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவாள். ராஜாவுக்குக் கனவில் கொஞ்சம் கோபம் வந்தது என்று அவளே சேர்த்துக்கொண்ட ஒரு வரியும் உண்டு. மற்றவர்கள் சொல்லி நான் அதைக் கேட்டதில்லை.

இது நடந்ததா? நடந்ததாக நான் சொல்ல மாட்டேன். இதன் பெற்றோர் யார் என்றுகூடச் சொல்லலாம். பெரிய புராணத்தில் பூசலார் இருக்கிறார். காஞ்சியில் காடவர் கோன் என்ற பல்லவ அரசன் கல்லால் பெரிய கோயில் எடுக்கிறான். திருநின்றவூரில் கையில் காசில்லாத பூசலார் மனதுக்குள்ளேயே அடித்தளம் போட்டு, சிகரம் வைத்து, கிணறு வெட்டி, மதில் எழுப்பி ஒரு கோயில் கட்டுகிறார். சாமி அரசன் கனவில் வந்து, "நாளைக்கு நான் அன்பன் ஆலயம் போகிறேன், நீ உன் நாளைத் தள்ளி வை" என்கிறார். அரசன் திருநின்றவூர் போய்த் தேடினால் அங்கே கட்டடமே இல்லை. எலும்பும் நரம்பும் ஒன்றுதான். பெரிய அரசன், பெரிய கோயில், அதைவிடப் பெரிதாக ஓர் எளிய ஆள் கொடுத்தது. பூசலார் கோயிலுக்குச் செங்கல் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. மயிலாப்பூரில் கேட்டாலும் மதுரையில் கேட்டாலும் அது என்ன சொல்கிறது என்று எல்லோருக்கும் புரிகிறது. தஞ்சாவூர் சனங்கள் அதே கதையைத் தங்கள் ஊருக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள். இவ்வளவு உயரமான ஒன்றை ஓர் அரசன் எழுப்பி நிறுத்தும்போது, இதில் எங்களுக்கு என்ன பங்கு என்று கீழே நிற்கிறவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்.

இப்போது நிழல் விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஆளே கிடையாது. யாரும் எதற்கும் ஆசைப்படுவதில்லை, யாரும் எதையும் கொடுப்பதில்லை. ஒரு தகவல், அதுவும் தப்பான தகவல். அதைக் கதை என்று அழைப்பதே கதைகளுக்குச் செய்கிற அநியாயம்.

என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஸ்டுடியோக்களில் ஒட்டு வேலை என்று ஒன்று உண்டு. கல்யாணத்து குரூப் போட்டோ எடுத்திருப்போம். பெண்ணின் அப்பா இரண்டு வருஷம் முன்பே காலமாகியிருப்பார். அம்மா அவருடைய பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைப் புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, "தம்பி, அவரையும் என் பக்கத்துல நிக்க வெச்சுக் குடுங்க" என்பார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, தலையை மட்டும் பிளேடால் வெட்டி, வேறொருவர் உடம்பின் மேல் ஒட்டி, விளிம்பு தெரியாமல் டச்சிங் செய்து, மறுபடி நெகட்டிவ் எடுத்து பிரிண்ட் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும் அவர் அந்தக் கல்யாணத்தில் இல்லை என்று. பேரப் பிள்ளை கேட்டாலும், "தாத்தா அப்பவே போயிட்டாரு, ஸ்டுடியோல சேத்தாங்க" என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள். யாரும் ஏமாறவில்லை. அவர் இருந்திருக்க வேண்டிய இடம் அது என்று அந்தப் படம் சொல்கிறது. அது உண்மை.

இன்னொருவர் வந்தார். தன் தாத்தா ஒரு சுதந்திரப் போராட்டத் தலைவரோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒட்டித் தர வேண்டும், படத்தைப் பழுப்பாக்கி ஓரத்தில் கொஞ்சம் கிழிசலும் வைக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். தியாகி பென்ஷன் விண்ணப்பத்தோடு வைக்க என்றார். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டுக்கும் அதே பிளேடு, அதே பசை. பார்க்கிறவர் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. இடைச்சிக் கிழவி கதையைக் கேட்கிறவருக்குத் தான் கதை கேட்கிறோம் என்று தெரியும். சாமி கனவில் வந்து பேசுகிறார் என்னும்போதே தெரிந்துவிடும். நிழல் விழாது என்பது பழுப்பாக்கிய படம். பொறியியல், தொழில்நுட்பம், நாசா என்று ஓரத்தில் கிழிசலும் வைத்துத் தருகிறார்கள்.

கல்வெட்டும் கணக்கும் போதும் என்கிறார் பொறியாளர் ஐயா. பெரிய கோயில் கல்வெட்டுகளின் அருமை எனக்கும் தெரியும். "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம், அதன் மேல் போர்த்திய பொன்தகடு 2926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் அந்தக் கால எடைகள்). அரைக் கழஞ்சை விடவில்லை பாருங்கள். கோயில் பணிக்கு அழைத்துவந்த தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயில் தெருக்களில் குடியமர்த்திய ஆடல் மகளிர், 400 பேருக்கும் பெயர் இருக்கிறது, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று இருக்கிறது, எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு என்று இருக்கிறது, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். நாவிதர், தையற்காரர், தச்சர் எல்லோரும் பட்டியலில் உண்டு. குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் அதில்தான் நமக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விளக்கு எரிய 96 ஆடு. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் காலத்தில் இப்படி விளக்குக்கு விடுகிற ஆடுகளை சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். சாகாது, கிழடு தட்டாது. ஆடு சாகும் என்பது ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையருக்குத் தெரியாதா, எழுதின கணக்கனுக்குத் தெரியாதா? தெரியும். செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்பு, சூரியசந்திரர் உள்ளவரை 96 குறையக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சாகாத ஆடு. ஒரு கற்பனையைக் கல்லில் வெட்டி அதை ஒப்பந்தமாக்கி, நூற்றாண்டுக் கணக்கில் விளக்கு எரிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கற்பனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கணக்கு என்றால் முதலில் அந்தக் கல்வெட்டுகளைத்தான் செதுக்கி எறிய வேண்டியிருக்கும்.

நெய் அளந்த இடையர்களின் பெயர்கள் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரிசையாக உண்டு. அதைக் காட்டி, கிழவியும் உண்மைதான் என்று நான் வாதாடப் போவதில்லை. அந்த இடையர்களின் நெய்யில் இந்தக் கோயில் எரிந்தது, அவர்கள் வீட்டு நினைவிலிருந்து இப்படி ஒரு கதை வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அதற்கு மேல் சொன்னால் நானும் நாசா கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன்.

இன்னொன்றும் இந்தக் கோயிலில் இருக்கிறது, சாதாரணமாக உள்ளே விடமாட்டார்கள். கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் சுந்தரர் வழக்கு வரைந்திருக்கிறது. கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, இதோ ஓலை என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு நடக்கிறது. சபையோர் சும்மா நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதின வேறு ஓலையைக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான். சாமியே ஆனாலும் மூலப் பத்திரத்தைக் காட்டு என்று கேட்கிற சபையைக் கற்பனை செய்தவர்கள் நம்முடைய ஆட்கள். வெளிச்சுவரில் கழஞ்சுக் கணக்கு, உள்சுவரில் இந்தக் கதை. கட்டினவர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் இல்லை.

பிற்காலத்தில் குழப்பிக்கொண்டார்கள், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெரிய கோயிலுக்கு எழுதிய தலபுராணம் இதைக் கட்டியது கரிகால் சோழன் என்றது, நோய் தீர்ந்ததற்காகக் கட்டினான் என்று காரணமும் சொன்னது. சுவரில் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்று ராஜராஜன் வெட்டி வைத்திருந்தும், படிக்க ஆளில்லாமல், கட்டினவன் பெயரே ஊருக்கு மறந்துபோனது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து வரி வரியாகப் படித்து அச்சிட்ட பிறகுதான் விவகாரம் தெளிந்தது. ஆகவே, கதை கணக்கின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு சேதம் என்பதற்கும் இதே கோயில்தான் சாட்சி. பொறியாளர் ஐயாவின் கோபத்தில் இந்தப் பகுதி நியாயமானது. ஆனால் கரிகாலனைக் கட்டினவனாக்கிய புராணம் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. கிழவி மட்டும் இருக்கிறாள். கல்வெட்டைப் படித்தபிறகும் அவள் போகவில்லை, ஏனென்றால் கல்வெட்டு பதில் சொல்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வரவேயில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நிழல் விழாது என்று அச்சிட்டதற்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில். இடைச்சிக் கிழவி கதையைச் சிறுவர் பக்கத்தில் ஒருமுறை முழுசாகப் போடுங்கள், "தஞ்சாவூரில் சொல்லப்படும் கதை" என்று மேலே எழுதி. அதற்குப் பக்கத்திலேயே 96 ஆட்டுக் கணக்கையும் போட்டால் பிள்ளைகளே பிரித்துப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைப்போல நிதானமாகக் கேள்வி கேட்கிறவர்கள் பெரியவர்களில் குறைவு. ஸ்டுடியோவில் ஒட்டுப் படத்தைப் பார்த்து, "இந்தத் தாத்தாவுக்கு மட்டும் ஏன் நிழல் அந்தப் பக்கம் விழுது?" என்று என்னைக் கேட்டது ஒரு எட்டு வயதுப் பெண்.

பொறியாளர் ஐயா தஞ்சாவூர் வந்தால் கடைக்கு வரட்டும். சாயங்காலம் கோயிலுக்கு நடந்து போய்வரலாம்.

திருத்தத்தோடு போட என் பழைய படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். விமானத்தின் நிழல் நந்தியை நோக்கி, சற்று வடக்கே ஒதுங்கிக் கிடக்கிறது. பணம் வேண்டாம். படத்தின் கீழே "மாசி மாதம், மாலை 4.30" என்று மறக்காமல் அச்சிடுங்கள். மாதமும் மணியும் போடாமல் வெளியிட்டால் யாராவது எடுத்து வேறு கதை கட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரன்,
கீழவாசல், தஞ்சாவூர்